காலால் போட்டாலும் அது உங்கள் கையெழுத்துதான்!

[திரையில்: மணலில் கால் கட்டைவிரலால் எழுதிய ஒரு பெயர்]

வணக்கம். மேற்கொண்டு பார்க்கும் முன் செருப்பைக் கழற்றிவிடுங்கள். மரியாதைக்காக அல்ல, உங்கள் கால் கட்டைவிரல் எனக்கு வேண்டும். தரையில் கொஞ்சம் மணலையோ கோலமாவையோ பரப்பி, அதில் கட்டைவிரலால் உங்கள் பெயரை எழுதுங்கள். கோணல்மாணலாகத்தான் வரும். ஆனால் உற்றுப் பாருங்கள்: சுழி திரும்பும் விதமும் கடைசி எழுத்தை நீங்கள் இழுத்துவிடும் இழுப்பும் அப்படியே இருக்கின்றன. வாழ்நாளில் ஒரு வரிகூட எழுதாத காலுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?

இந்தக் கேள்வியின் பின்னால் இருப்பவர், உடல் அசைவுகளை ஆராய்ந்த சோவியத் அறிஞர் நிக்கோலாய் பெர்ன்ஷ்டைன். 1896இல் மாஸ்கோவில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். வரலாறு போதும், சுத்தியலுக்கு வருவோம்.

[திரையில்: இருட்டில் நகரும் ஒளிப்புள்ளிகள்]

1920களில், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களின் மூட்டுகளில் சிறு பல்புகளைக் கட்டிப் படம் எடுத்தார். கைதேர்ந்தவரின் கை எந்திரம் போல ஒரே பாதையில் போய்வரும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. சுத்தியல் அடி பிசகாமல் விழுகிறது. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாக அசைகின்றன. தோள் கொஞ்சம் தவறினால் மணிக்கட்டு அதை ஈடுகட்டிவிடுகிறது, நல்ல கூட்டுக்குடும்பம் போல.

இப்படி ஈடுகட்டக் கைக்கு இடம் இருப்பதால்தான் இது நடக்கிறது. விரல் நுனியை மேசையில் வைத்து, அதை நகர்த்தாமல் முழங்கையை மட்டும் தூக்கி இறக்குங்கள். முடிகிறதல்லவா? தோளிலிருந்து மணிக்கட்டு வரை கை 7 விதமாக அசையும். ஒரே புள்ளியைத் தொட எண்ணற்ற வழிகள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1947இல் வெளியான தன் நூலில் பெர்ன்ஷ்டைன் ஒரு படம் கொடுத்திருக்கிறார். ஒரே சொல் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. முதலில் வலது கையால். பிறகு பென்சிலை முழங்கைப் பக்கம் கட்டி. பிறகு தோளில் கட்டி. பிறகு வலது காலணியில். இடது கையால், இடது காலணியால்கூட. ஒன்று பற்களுக்கிடையே பென்சிலைக் கவ்வி எழுதியது! பல்லில் கவ்வினால் அசைவது தலைதான். ஆக, உலகில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே தலையெழுத்து அதுதான். எல்லாமே ஒரே ஆளின் எழுத்து என்று பார்த்தவுடன் தெரிகிறது. வேலை செய்த தசைகளோ வேறு வேறு.

அதனால்தான் "தசை நினைவு" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. சுழியின் வடிவம் எந்தத் தசையிலும் குடியிருக்கவில்லை. அது மூளையில் இருக்கிறது, எந்த உறுப்புக்கும் சொந்தமாகாத ஒரு வடிவமாக. காலின் கோடு நடுங்குவதற்குக் காரணம், காலை நுணுக்கமாக ஆளும் பயிற்சி நமக்கு இல்லாததுதான்.

சைக்கிள் பழகிய நாள் நினைவிருக்கிறதா? நான் ஹேண்டில்பாரை உடும்புப் பிடியாகப் பிடித்து, இரண்டு முழங்கைகளையும் கட்டையாக்கிக்கொண்டு, எதிரே வந்த எருமையை நோக்கி நேராகப் போனேன். எருமைதான் விலகியது. இதற்கும் பெர்ன்ஷ்டைனிடம் விளக்கம் உண்டு: புதிதாகப் பழகுபவர் சமாளிக்க முடியாத அசைவுகளைக் குறைக்க மூட்டுகளைப் பூட்டிவிடுகிறார், பழகப் பழக ஒவ்வொன்றாகத் திறக்கிறார்.

பெர்ன்ஷ்டைனின் அந்த 1947 நூலுக்கு 1948இல் சோவியத் அரசின் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் அனிச்சைச் செயல் கோட்பாட்டைக் கேள்வி கேட்டவர் என்பதால், சில ஆண்டுகளிலேயே ஆய்வகம் கைவிட்டுப் போனது. 1966இல் இறந்தார், ஆங்கிலத்தில் அவர் எழுத்துகள் நூலாக வந்தது மறு ஆண்டு.

சரி, மணல் இன்னும் கலையாமல் இருக்கிறதா? கால் எழுத்தைப் படமெடுத்து, கையால் எழுதியதோடு சேர்த்துப் பதிவிடுங்கள். பெயரை மட்டும் எழுதுங்கள். வங்கியில் போடும் கையொப்பத்தைக் காலால்கூட இங்கே போட்டுவிடாதீர்கள்.