கோட்டைக்கு வெளியே ஒரு வெளி

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் ஃபோர்ட் கொச்சி. ஜங்கார் படகில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "கோட்டை எங்கே இருக்கு?" என்றுதான். கடற்கரை ஓரம் சிதைந்த சுவர்த் துண்டுகள் சிலவற்றைக் காட்டுவோம். இவ்வளவுதானா என்று அவர்கள் முகம் வாடிவிடும்.

1503-இல் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் படைக்கு ஆற்றாமல் கொச்சி ராஜா வைப்பீன் தீவில் போய் ஒதுங்கினார். அவருக்குத் துணையாக வந்த பரங்கியர், அதாவது போர்த்துக்கீசியர், கைம்மாறாகக் கோட்டை கட்ட இடம் கேட்டு வாங்கினார்கள். முதலில் எழுந்தது கல் கோட்டை அல்ல. தென்னந்தடிகளை நெருக்கி நட்டு, இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, நடுவில் மண்ணும் கல்லும் நிரப்பினார்கள். நம் தோப்பு மரம்தான் இந்தியாவில் ஐரோப்பியரின் முதல் கோட்டைச் சுவர்! பிறகுதான் கல் வந்தது. தங்கள் மன்னர் மனுவேலின் பெயரையும் அதற்கு வைத்தார்கள்.

1663-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். பரங்கியர் விட்டுப்போன ஊர் காவல் காக்க முடியாத அளவுக்குப் பெரிதென்று அவர்களுக்குப் பட்டது. பாதிரிமார் மடங்களையும் வீடுகளையும் இடித்து, எல்லையைச் சுருக்கி, புதிய கொத்தளங்கள் கட்டினார்கள். கெல்டர்லாந்து, ஹாலந்து என்று தங்கள் மாகாணப் பெயர்களை அவற்றுக்கு இட்டார்கள். ஸ்ட்ரோம்பர்க் கொத்தளம் இருந்த இடத்தில் நிற்கும் பாஸ்டியன் பங்களா பிற்காலத்தில் சப் கலெக்டர் வீடானது. இப்போது அது மியூசியம்.

ஆங்கிலேயர் 1795-இல் நுழைந்தார்கள். 1806-இல் வெடி வைத்துக் கோட்டையைத் தகர்த்தார்கள். ஊரைத் திருப்பித் தர நேர்ந்தால் டச்சுக்காரர் கைக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்ற எண்ணம். பழைய சாந்தா குரூஸ் தேவாலயமும் அதோடு போயிற்று. அதன் கருங்கல் தூண் ஒன்று இன்றைய பசிலிக்கா வளாகத்தில் தனியே நிற்கிறது. 1814-இல் டச்சுக்காரர் சுமத்ரா பக்கத்துப் பாங்கா தீவை வாங்கிக்கொண்டு கொச்சியை முறைப்படி எழுதிக் கொடுத்தார்கள். தனக்குச் சொந்தமாவதற்கு எட்டு வருஷம் முன்பே ஓர் ஊரை இடித்திருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

எங்கள் கதை இதற்குள்தான் வருகிறது. நாங்கள் தமிழ் வண்ணார். பட்டாளத்துச் சட்டை வெளுக்க டச்சுக்காரர்கள்தான் தமிழ்நாட்டிலிருந்து நம்மைக் கூட்டி வந்தார்கள் என்று என் பாட்டனார் சொல்வார். அவருக்கு அவர் அப்பா சொன்னது. நாங்கள் குடியிருக்கும் இடத்துக்கு வெளி என்று பெயர். மலையாளத்திலும் தமிழிலும் ஒரே சொல், ஒரே பொருள். கோட்டை உள்ளே, நாங்கள் வெளியே என்றுதான் சின்ன வயதில் அந்தப் பெயரை நான் புரிந்துகொண்டேன்.

கொத்தளங்கள் போய்விட்டன. வெளியில் துவைகல் போகவில்லை. இன்றும் விடிகாலையில் சத்தம் கேட்கும். துணிக்குக் கஞ்சி போட்டு, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் முனையைச் செருகி உலர்த்துகிறார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது, கிளிப் வேண்டாம்.

பாஸ்டியன் பங்களா மியூசியத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆசை. தேய்ந்துபோன எங்கள் துவைகல் ஒன்றையும் அங்கே வைக்க வேண்டும். பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதட்டும்: கோட்டையில் இருந்தவர்களின் துணி வெளுத்த கல். வணக்கம்.