தகா பின்னத்தைக் கலப்பு பின்னமாக்கினால் கண்ணுக்குத் தெரிவது என்ன?

வணக்கம். 22/7, 223/71 ஆகிய இரண்டில் எது பெரியது? வீடியோவை நிறுத்திவிட்டு, தாளும் பேனாவும் எடுக்காமல் சொல்ல முயன்று பாருங்கள். பலருக்கும் விடை சட்டென்று வராது. தொகுதி பகுதியைவிடச் சிறியதாக இல்லாத தகா பின்னம் தன் அளவை எளிதில் வெளிக்காட்டுவதில்லை.

அதை முழு எண்ணும் பின்னமும் சேர்ந்த கலப்பு பின்னமாக்கும் முறையை விரைவாகப் பார்த்துவிடுவோம். பின்னக்கோடு வகுத்தலையே குறிக்கிறது. 47/6 என்றால், 47இல் 6 ஏழு முறை அடங்கி, ஏழாறு நாற்பத்திரண்டு போக 5 மிஞ்சுகிறது. ஈவாகிய 7 முழு எண்ணாகவும், மீதியாகிய 5 தொகுதியாகவும் அமைய, பகுதியாகிய 6 அப்படியே நிற்கும். விடை 7 5/6. வகுத்த களைப்பில் பகுதியை மாற்றி எழுதிவிடுவோர் உண்டு. ஒவ்வொரு முழுமையும் ஆறு சம கூறுகளாகப் பிரிந்திருக்கிறது என்பது வகுத்தலால் மாறுவதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், வட்டத்தின் உள்ளும் புறமும் 96 பக்கங்கள் கொண்ட பலகோணங்களைக் கொண்டு, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய பையின் (π) மதிப்பு 3 10/71க்கும் 3 1/7க்கும் இடையில் உள்ளது என்று நிறுவினார். நாம் தொடக்கத்தில் கண்ட 223/71, 22/7 ஆகியவை இவையே. இரண்டிலும் 3 பொதுவாக இருப்பதால் அதை ஒதுக்கிவிட்டு, 1/7ஐ 10/70 என்று எழுதிப் பாருங்கள். இருபுறமும் பத்துக் கூறுகள். ஒன்றில் எழுபதில் ஒரு பங்கு, மற்றொன்றில் எழுபத்தொன்றில் ஒரு பங்கு. கூறு பொடியானால் தொகையும் குறையும் அல்லவா? ஆகவே 22/7 பெரியது, அதுவும் 1/497 அளவே பெரியது. குறுக்குப் பெருக்கலிலும் 1562, 1561 என்று இதே விடை கிடைக்கும். ஆனால், ஏன் பெரியது என்பதை அது காட்டாது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் சீனாவின் சூ சோங்ஜி கண்ட 355/113ஐயும் இவ்வாறே 22/7உடன் ஒப்பிட்டு, விடையைக் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். 1/7ஐ 16/112 என்று மாற்றினால் போதும்.

மீதிப் பின்னத்தைச் சுருக்க முடிந்தால் சுருக்கிவிடுங்கள்: 50/8 என்பது 6 2/8, அதாவது 6 1/4.

குறை எண்களில் மட்டும் சற்று நிதானம் தேவை. −17/5ஐ −3 2/5 என்று எழுதும்போது, குறைக்குறி முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் சேர்த்தே உரியது. அதை −3உடன் 2/5ஐக் கூட்டுவதாகக் கொண்டால் −13/5 என்ற வேறோர் எண்ணே கிடைக்கும்.