குழாயில் அழுத்தம் எகிறுவது எப்போது என்று பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

குழாயைத் திறந்ததும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து, இரண்டு நொடியில் அடங்கிவிடுகிறதா? வாஷிங் மெஷின் தண்ணீர் பிடிப்பதை நிறுத்தும்போது சுவருக்குள் ‘டொம்’ என்று சத்தம் கேட்கிறதா? கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறதா? இவை எல்லாமே குழாயில் அழுத்தம் எகிறுவதற்கான அடையாளங்கள். ஆனால் காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அளந்து பார்க்காமல் வால்வை மாற்றினால், காசும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

அளப்பதற்கு 0 முதல் 14 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும் பிரஷர் கேஜ், அதாவது அழுத்தமானி, ஒன்று போதும். இரண்டு முள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கருப்பு முள் இப்போதைய அழுத்தத்தைக் காட்டும். சிவப்பு முள், எட்டிய உச்சத்திலேயே நின்றுவிடும். அழுத்தம் குறைக்கும் வால்வு இருக்கும் வீட்டில், அதைத் தாண்டிய பகுதியில்தான் கேஜை மாட்ட வேண்டும். தோட்டத்துக் குழாய் சில வீடுகளில் அந்த வால்வுக்கு முன்பே பிரிந்துவிடும். அங்கே அளந்தால் தெருவின் அழுத்தம்தான் தெரியும், வீட்டினுடையது தெரியாது.

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் பாருங்கள். 3 முதல் 4 பார் நல்ல அளவு. 5.5 பாரைத் தாண்டினால் வாஷர்களும் இணைப்புக் குழாய்களும் சீக்கிரம் கெடும். கேஜை ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, சிவப்பு முள் எந்த நேரத்தில் நகர்கிறது என்று கவனியுங்கள். அந்த நேரம்தான் காரணத்தைக் காட்டிக் கொடுக்கும்.

கீசர் போட்ட பிறகு மட்டும் ஏறுகிறதா? அது வெப்பத்தால் தண்ணீர் விரிவது. 100 லிட்டர் தண்ணீர் 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கூடிவிடும். நுழைவுக் குழாயில் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு இருந்தால் கூடிய தண்ணீர் பின்னால் போக முடியாது. தண்ணீரை அமுக்கவும் முடியாது. அதனால் முள் சில நிமிடங்களிலேயே மளமளவென்று ஏறும். இதற்குத் தீர்வு, உள்ளே ரப்பர் பையும் காற்றும் உள்ள விரிவுத் தொட்டி. அதை மாட்டும் முன்பே, தண்ணீர் இல்லாத நிலையில், வீட்டு அழுத்தம் எவ்வளவோ அதே அளவுக்குச் சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஏற்கெனவே தொட்டி இருக்கிறதென்றால் காற்று வால்வின் ஊசியை ஒரு நொடி அழுத்திப் பாருங்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது. தொட்டி இனி உதவாது.

கீசரை அணைத்த பிறகும் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுகிறதா? ஒரு குழாயைச் சட்டென்று திறந்து மூடுங்கள். முள் இறங்கும். பிறகு அரை மணி நேரம் எதையும் தொடாமல் பாருங்கள். முள் தெருவின் அழுத்தம் வரை ஊர்ந்து ஏறினால், அழுத்தம் குறைக்கும் வால்வு முழுதாக மூடவில்லை என்று பொருள். அடைக்கும் இடத்தில் மணல் துகள் சிக்கியிருக்கும், அல்லது ரப்பர் தேய்ந்திருக்கும். மேலே உள்ள திருகை எவ்வளவு திருகினாலும் இந்தக் கசிவு நிற்காது. பிரதான வால்வை மூடி, வடிகட்டியைக் கழுவி, உள்பாகத்தை மாற்றுவதுதான் வழி.

கருப்பு முள் அசையாமல் நிற்க, சிவப்பு முள் மட்டும் எங்கேயோ உயரத்தில் இருக்கிறதா? அது நீர் அடி. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை உலோகக் குழாயில் சட்டென்று நிறுத்தினால், ஒரு கணம் 12 பார் அளவுக்கு அழுத்தம் கூடும். பிளாஸ்டிக் குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் அதில் பாதியைவிடக் குறைவாக இருக்கும். சட்டென மூடுவது பெரும்பாலும் வாஷிங் மெஷினின் மின்வால்வுதான். இந்த அடியை உள்வாங்கும் அதிர்ச்சி தாங்கியை அந்த மெஷினின் இணைப்பிலேயே பொருத்த வேண்டும். பத்தடி தள்ளி வைத்தால் பலன் பெருமளவு போய்விடும். ஆடுகிற குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பழைய முறையில் மேல்நோக்கி விட்ட காற்றுக் குழாயைத் தனியாக நம்ப வேண்டாம்: நாளடைவில் அந்தக் காற்று தண்ணீரில் கரைந்துவிடும்.

பிரஷர் பம்ப் உள்ள வீட்டில், குழாயைத் திறந்ததும் பம்ப் நொடிக்கொரு தரம் ஓடி நின்றால், பிரஷர் டேங்க்கில் காற்று போய்விட்டிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டு, பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 0.15 பார் குறைவாகக் காற்றடியுங்கள்.

எந்தக் காரணமாக இருந்தாலும், சொட்டுகிறதே என்று கீசரின் பாதுகாப்பு வால்வை மட்டும் அடைக்கவே கூடாது. அதன் வெளியேற்றுக் குழாயின் முனையில் மூடியும் வேண்டாம், வால்வும் வேண்டாம். வழி அடைபட்டால் அழுத்தம் தொட்டியையே வெடிக்க வைக்கும். அந்தக் குழாயைக் கீழ்நோக்கிய சரிவில், திறந்த முனையோடு, வடிகால் வரை கொண்டுபோய் விடுங்கள்.