குதிரையை அவிழ்த்த கதை

(பாம்பனில் மீனவ இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது)

அண்ணன்மாரே, தம்பிமாரே, அக்கா தங்கச்சிகளே, மைக் இரைகிறது, பரவாயில்லை, காற்றை மீறிக் கேட்டால் போதும்.

நம்ம குந்துகாலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1897 ஜனவரி 26, விவேகானந்தர் வெளிநாடெல்லாம் போய்விட்டுக் கொழும்பு வழியாக வந்து இங்கேதான் கரையேறினார். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார், வண்டியில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களே இழுத்தார்கள், ராஜாவும் சேர்ந்து இழுத்தார். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் இதைச் சொல்லி நானே கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் ராமேஸ்வரம் கோயிலில் அவர் என்ன பேசினார்? அதை நான் படித்தது நாற்பது வயதுக்கு மேல். ஒரு பணக்காரருக்குத் தோட்டம், இரண்டு தோட்டக்காரர்கள். ஒருவன் முதலாளி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு, ஐயா முகம் என்ன அழகு என்று ஆடுவான், வேலை மட்டும் செய்யமாட்டான். இன்னொருவன் அதிகம் பேசமாட்டான், காயும் பழமும் விளைவித்து, தூரத்தில் இருக்கும் முதலாளிக்குத் தலையில் சுமந்துபோய்க் கொடுப்பான். முதலாளிக்கு யாரைப் பிடிக்கும்? சிவனைக் கும்பிடுவதைப் பற்றித்தான் சொன்னார், ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைப் பார் என்று. ஆனால் வண்டி இழுத்த சூடு ஆறுவதற்குள் இந்தப் பக்கமே இதைச் சொன்னாரே, அந்தக் குசும்பு எனக்குப் பிடிக்கும். நான் நூறு தடவை வண்டியைச் சொன்னேன், தோட்டத்தை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அம்பேத்கர் இன்னும் பச்சையாகச் சொன்னார். 1949 நவம்பர் 25, அரசியல் நிர்ணய சபை. மதத்தில் பக்தி ஆன்மாவைக் கடைத்தேற்றலாம், அரசியலில் பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும்தான் கொண்டுபோய் விடும் என்றார். அவருக்கே மாலையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம், என்னத்தைச் சொல்ல.

சரி, என் கதைக்கு வருகிறேன். இரட்டைமடிக்கு, இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற அந்த வலைக்கு, தடை இருப்பது உங்களுக்குத் தெரியும், குஞ்சு குளுவான் வரை வாரிக்கொண்டு போய்விடும், நாட்டுப்படகுக்காரன் வலை சும்மா வரும். அதை எதிர்த்து எங்களைத் திரட்டிய தலைவர் ஒருவர் இருந்தார், பேர் வேண்டாம். என் மகள் காதுகுத்துக்கு அவர் வந்தபோது நான் சாப்பிடக்கூட இல்லை, அவர் பின்னாலேயே நின்றேன். பிறகொரு நாள் அவர் மச்சானின் படகுகள் இரண்டு சேர்ந்து அதே மடியை இழுத்ததை என் கண்ணால் பார்த்தேன். வேறு யாராவது என்றால் கரையிலேயே மறித்திருப்பேன். அண்ணன் வீட்டுப் படகு என்பதால், அவருக்கு என்ன கஷ்டமோ என்று நானே காரணம் தேடிக் கொடுத்தேன். சங்கக் கூட்டத்தில் ஒரு சின்னப் பையன் எழுந்து கேட்டான், அவனை அதட்டி உட்காரவைத்ததும் நான்தான். அவர் செய்தது தப்பு, ஆள் என்றால் தப்பு செய்வார், ஆனால் இரட்டைமடி கூடாது என்று கிளம்பிய நாங்கள் எப்போது குதிரையாக மாறினோம் என்று எங்களுக்கே தெரியவில்லை பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தலைவரே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2015இல் பேய்க்கரும்பில் கலாம் ஐயாவை அடக்கம் செய்தபோது அழுதவன்தான் நானும்.

கடைசியாக ஒன்று. வாசலில் என் படத்தை ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்து, 'கடலோரச் சிங்கமே' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். போகும்போது அதை அவிழ்த்துக்கொண்டு போங்கள் தம்பிகளா, எஞ்சினை மூட ஆகும். படம் உள்பக்கமாக இருக்கட்டும்.