29 சதவீதம் கூடுதல் என்றால் எத்தனை பேர்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மாத்திரையால் இதய நோய் 29 சதவீதம் கூடுகிறது என்று செய்தியில் கேட்டால், சாப்பிடும் நூறு பேரில் 29 பேருக்கு நோய் வரும் என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 2002 ஜூலையில் அமெரிக்காவில் இப்படி ஒரு செய்தி வந்தது. மாதவிடாய் நின்ற பெண்கள் சாப்பிட்டுவந்த ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டின் கூட்டு மாத்திரையைப் பற்றி, விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வு வெளியிட்ட முடிவு அது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்பது கேட்டவர்களிடம் போய்ச் சேரவே இல்லை. அதே ஆய்வை வைத்து, நிகழ்வு வீதம், ஹசார்டு விகிதம் (ஒரு குழுவில் நோய் வரும் வேகம் மற்றதைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்) இரண்டையும் இன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் நிகழ்வு வீதம். இதற்குத் தலைகளை எண்ணினால் போதாது, காலத்தையும் எண்ண வேண்டும். ஆய்வில் ஐந்து ஆண்டு இருந்தவர் கணக்கில் 5 ஆள்-ஆண்டு சேர்க்கிறார். எட்டாவது மாத முடிவில் மாரடைப்பு வந்தவருக்கு முக்கால் ஆண்டுகூட இல்லை, மூன்றில் இரண்டு பங்குதான். அவர் கணக்கு அங்கேயே நின்றுவிடும். மூன்றாம் ஆண்டு முடிவில் தொடர்பு விட்டுப்போனவருக்கு 3 ஆண்டு. அதற்குப் பிறகு அவருக்கு நோய் வந்ததா என்று நமக்குத் தெரியாது. 'வரவில்லை' என்று எழுதிவிடுவது பெரும் தவறு. அவரை ஆரம்பத்திலிருந்தே நீக்கிவிடுவதும் தவறுதான்.

இப்போது எண்களுக்கு வருவோம். மாத்திரைக் குழுவில் 8,506 பெண்கள், சராசரியாக 62.2 மாதம். பெருக்கினால் சுமார் 44,100 ஆள்-ஆண்டு. மாரடைப்பும் இதய ரத்தக்குழாய் நோய் மரணமும் சேர்த்து 164. அதாவது 10,000 ஆள்-ஆண்டுக்கு 37. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட குழுவில் 8,102 பேர், 61.2 மாதம், சுமார் 41,300 ஆள்-ஆண்டு, 122 நிகழ்வு. 10,000-க்கு 30. ஆக, பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு சாப்பிட்டால் கூடுதலாக 7 பேர். செய்தியில் வந்த 29 சதவீதத்துக்குப் பின்னால் இருந்தது இந்த ஏழு.

முழு எண்ணாக்குவதற்கு முந்தைய வீதங்களை வகுத்தால் 1.26 வருகிறது. ஆய்வு அச்சிட்ட ஹசார்டு விகிதமோ 1.29; செய்தியில் வந்த 29 சதவீதம் இதுதான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? வீதம் ஐந்து ஆண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கிவிடுகிறது. 1972-இல் டேவிட் காக்ஸ் தந்த முறை அப்படிச் செய்வதில்லை. ஒருவருக்கு 400-ஆவது நாளில் நோய் வந்தால், அந்த 400-ஆவது நாளில் இன்னும் நோயின்றிக் கண்காணிப்பில் இருக்கும் மற்ற எல்லோருடனும் அவரை ஒப்பிடும். அடுத்த நிகழ்வு நாளில் மறுபடி அதே ஒப்பீடு. இந்த ஆய்வில் வயதுவாரியாகவும் பிரித்து ஒப்பிட்டார்கள். இரு குழுவிலும் நோய் வரும் வேகம் காலம் முழுக்க ஒரே சீராக இருந்தால் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒரே விடை தரும். வேகம் ஏறி இறங்கி, ஒரு குழுவை ஓராண்டும் மற்றதை ஐந்து ஆண்டும் கண்காணித்திருந்தால், வீதங்களின் ஒப்பீடு நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

ஹசார்டு விகிதத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. அந்த ஒற்றை எண், விகிதம் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை மாறவில்லை என்ற அனுமானத்தில் நிற்கிறது. 2003-இல் இதே ஆய்வின் இறுதிக் கணக்கில் இதய நோய்க்கான மொத்த விகிதம் 1.24. ஆண்டுவாரியாகப் பிரித்தால் முதல் ஆண்டில் 1.81, ஆறாம் ஆண்டிலிருந்து 0.70! மார்பகப் புற்றுநோயில் நேர் எதிர். 2002 கணக்கில் அதன் விகிதம் 1.26, வீதங்கள் 38-உம் 30-உம். பார்வைக்கு இதய நோயின் இரட்டைப் பிறவிதான். ஆனால் நோய் வந்தவர்கள் கூடுவதைக் காலத்துக்கு எதிரே வரைந்தால், முதல் நான்கு ஆண்டு இரு குழுவின் கோடுகளும் ஒட்டியே போய், பிறகுதான் பிரிந்தன. 'ஒரு வருடம் மட்டும் சாப்பிடலாமா டாக்டர்?' என்று கேட்கும் பெண்ணுக்கு இந்த இரண்டு நோய்க்கும் பதில் வேறு வேறு. ஒற்றை எண்ணில் அது தெரியாது.

அந்த 0.70-ஐப் பார்த்து, ஆறாம் ஆண்டிலிருந்து மாத்திரை இதயத்தைக் காக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. மாத்திரையால் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் முதல் ஆண்டுகளிலேயே நோய்ப்பட்டுக் கணக்கிலிருந்து போயிருக்கலாம். எஞ்சியவர்கள் திடமானவர்கள். குலுக்கல் முறையில் பிரித்தபோது இருந்த சமநிலை, எஞ்சியவர்களிடையே அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பிற்கால விகிதத்தைத் தனியே எடுத்துப் பேசுபவர்கள் அடிக்கடி விழும் குழி இது.

இன்னொன்று, அடிப்படை வீதம். நுரையீரல் ரத்தக்கட்டுக்கு விகிதம் 2.13, இரட்டிப்புக்கும் மேல். கேட்டாலே பயம் வரும். வீதங்களோ 16-உம் 8-உம். கூடுதல் 8 பேர். மார்பகப் புற்றுநோயிலும் கூடுதல் அதே 8 பேர்தான், விகிதம் மட்டும் 1.26. இடுப்பெலும்பு முறிவு 15-இலிருந்து 10-ஆகக் குறைந்ததும் இதே ஆய்வில்தான்.

ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. காக்ஸ் முறைக் கணக்கை ஓட்டுவதற்கு முன் இரு குழுவின் கப்லான்-மேயர் கோடுகளை, அதாவது நாள் போகப்போக நோயின்றி இருப்போரின் பங்கு எப்படிக் குறைகிறது என்று காட்டும் கோடுகளை, வரையுங்கள். ஒன்றையொன்று வெட்டினாலோ, ஒட்டிப்போய்ப் பிறகு பிரிந்தாலோ ஒற்றை விகிதத்தை நம்பாதீர்கள். ஷோன்ஃபெல்ட் எச்சங்களை (ஒவ்வொரு நிகழ்விலும் உண்மையில் நடந்ததற்கும் காக்ஸ் முறை எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம்) காலத்துக்கு எதிரே வரைந்து, சாய்வு தெரிகிறதா பாருங்கள். சாய்ந்தால் காலத்தைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் நிகழ்வு எண்ணிக்கை, ஆள்-ஆண்டு, வீதம், நம்பக இடைவெளி எழுதுங்கள். வேறு காரணத்தால் இறப்பவர்கள் நிறைய இருக்கும் முதியோர் ஆய்வில், அந்த மரணங்களை வெறும் தொடர்பு விட்டுப்போனதாகக் கருதிக் கப்லான்-மேயர் போட்டால் நோய் வாய்ப்பு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். அங்கே போட்டி இடர்களை, அதாவது நோய் வருமுன்பே ஆளைக் கொண்டுபோகும் வேறு மரணங்களை, கணக்கில் எடுக்கும் குவிநிகழ்வுக் கோடு வேண்டும்.

முடிவை எழுதும்போது விகிதத்துக்குப் பக்கத்திலேயே இரு குழுவின் வீதத்தையும் போடுங்கள்: '1.29, 10,000 ஆள்-ஆண்டுக்கு 37, எதிரே 30'. ஒரு வரிதான் கூடும். நன்றி, வணக்கம்.