ஐந்தைச் சுட்டபின் ஆறாவதை அளந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

உரிமம் பெற்று, சுடுதளத்துக்குப் போய், கூடுதல் வலுவுள்ள தோட்டாவுக்கென்று செய்த மேக்னம் ரிவால்வரைப் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "ஆலைத் தோட்டாக்களிலேயே பலமானது எது?" என்பதுதான். எந்த ரிவால்வருக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் முகம் சற்று வாடிவிடும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் பதில் சொல்ல முடியாது. ஏன் என்பதற்கு எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நண்பர் ஒருவரின் 357 மேக்னம் ரிவால்வர் அது. எடை குறைந்த உலோகச் சட்டம், அதாவது உடற்பகுதி, கொண்டது, சட்டைப்பையில்கூட வைக்கலாம் போலிருக்கும். கனமான குண்டு உள்ள, நல்ல வேகம் என்று பேர் பெற்ற ஒரு பெட்டியை வாங்கிப் போயிருந்தேன். மூன்று தோட்டாக்கள் சரியாகப் போயின. நான்காவதற்கு விசையை இழுத்தேன், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர் அசையவில்லை. குழல்முனையை இலக்கின் பக்கமே பிடித்தபடி தளப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். இருவரும் சேர்ந்து சிலிண்டரைத் திறக்கவே வெகு நேரம் ஆயிற்று. சுடாமல் இருந்த ஒரு தோட்டாவின் குண்டு, பித்தளைக் கூட்டிலிருந்து முன்னால் நகர்ந்து, சிலிண்டரின் முகப்பைத் தாண்டி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அது சட்டத்தில் முட்டி, சுழல விடாமல் பூட்டிவிட்டது.

வெடிமருந்தில் எந்தக் கோளாறும் இல்லை. பஸ் சட்டென்று புறப்பட்டால் நிற்கிறவர் பின்னால் சாய்கிறார் அல்லவா, அதே கணக்குதான். ரிவால்வர் பின்னால் உதைக்கும்போது, சிலிண்டரின் மற்ற அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் கூடுகளையும் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. குண்டோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. கூட்டின் வாயை உள்பக்கமாக மடித்து அழுத்தியிருக்கும் பிடிதான் அதைத் தடுத்து நிறுத்த வேண்டும். குண்டின் எடை கூடக்கூட, துப்பாக்கியின் எடை குறையக்குறைய, அந்தப் பிடிக்கு வேலை அதிகம்.

ஆகவே புதிய பெட்டி வாங்கியதும் நான் செய்வது இதுதான். ஒரு தோட்டாவின் முழு நீளத்தை வெர்னியர் அளவியால் அளந்து, அடியில் பேனாவால் குறியிடுவேன். ஆறில் ஐந்தைச் சுட்டுவிட்டு, குறியிட்டதைச் சுடாமல் எடுத்து மறுபடி அளப்பேன். நீளம் கூடியிருந்தால், அந்தத் தோட்டா அந்த ரிவால்வருக்கு ஆகாது. வேறொரு கனமான ரிவால்வரில் அதே பெட்டி சிறப்பாக வேலை செய்யலாம். எனவே பெட்டியைக் குறை சொல்வதற்கில்லை.

அடுத்தது, வெடிக்கும்போது கூட்டுக்குள் எழும் அழுத்தம். 357 மேக்னம் என்ற தோட்டா வகை 1935-இல் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்திலிருந்து வந்தது. அதன் கூடு, 38 ஸ்பெஷல் என்ற பழைய தோட்டாவின் கூட்டைவிட ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளம். பழைய, பலம் குறைந்த 38 ரிவால்வர்களுக்குள் இது நுழைந்துவிடக் கூடாது என்றே அப்படி நீட்டினார்கள். 1955-இல் 44 மேக்னம் வந்தது. அமெரிக்கத் தொழில்தர அமைப்பான சாமி (SAAMI), 357-க்கு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, 44-க்கு 36,000 பவுண்டு என்று உச்ச அழுத்தம் வகுத்திருக்கிறது. 454 கசுல் என்ற இன்னொரு ரிவால்வர் தோட்டாவுக்கு 65,000. எல்லாமே ரிவால்வர் தோட்டாக்கள் என்றாலும் அழுத்தத்தில் கசுல் வேறு உலகம். சில சிறு ஆலைகள் 44 மேக்னத்திலேயே 300 கிரெய்னுக்கு (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) மேற்பட்ட குண்டுகளை வைத்து, வழக்கமான அளவையும் தாண்டி நிரப்புகின்றன. "குறிப்பிட்ட வலுவான ரிவால்வர்களுக்கு மட்டும்" என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த வரியை விளம்பரம் என்று எண்ணிவிட வேண்டாம், அது எச்சரிக்கை. உங்கள் ரிவால்வரின் கையேடு அனுமதிக்காவிட்டால் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

கனமான குண்டுதான் ஆபத்து, இலகுவானது பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 357-இல் 125 கிரெய்ன் குண்டு, அதாவது எட்டு கிராம், வினாடிக்கு 1,400 அடிக்கு மேல் பாயும். குட்டையான அந்தக் குண்டு சிலிண்டரை விட்டு வெளியேறியதும் சூடான வாயுவும் எரியாத மருந்துத் துகளும் குழலின் பின்வாயை அறுக்கத் தொடங்குகின்றன. நடுத்தரச் சட்டம் கொண்ட சில பழைய 357 ரிவால்வர்களில் குழலின் அந்த இடம் அடிப்பக்கம் மெலிந்திருக்கும். இத்தகைய தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டதில் அங்கே விரிசல் கண்டவை உண்டு. உங்களுடையது அந்த வகை என்றால், 158 கிரெய்ன் குண்டையே சுடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்க்கும்போது எந்த நீளக் குழலில் அளந்தது என்றும் பாருங்கள். நீண்ட சோதனைக் குழலில் கிடைத்த வேகம் உங்கள் நான்கு அங்குலக் குழலில் கிடைக்காது. வினாடிக்கு நூறு அடிக்கு மேலும் குறையலாம். ஆனால் உதையும் ஓசையும் தீப்பிழம்பும் குறையாது. குட்டைக் குழலில் பிழம்பு இன்னும் பெரிதாகவே தெரியும். அந்த மருந்துக்குக் கொடுத்த காசு காற்றில் எரிகிறது.

காதுகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 140 டெசிபலைத் தொடும் ஒரே ஒரு வெடிப்போசைகூடக் கேட்கும் திறனைக் கெடுக்கலாம். மேக்னம் அந்த எல்லையைத் தாண்டியது. காதுக்குள் அடைப்பான், அதன்மேல் காதுமூடி, இரண்டும் வேண்டும். கண்ணாடியும் கட்டாயம்.

இனி கையின் சங்கதி. பலமான தோட்டாக்களை அடுத்தடுத்துச் சுடும்போது, வெடிக்கும் முன்பே மணிக்கட்டு தானாகக் கீழே அழுத்தத் தொடங்கும். சுடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. பயிற்சிக்கென்று விற்கும் போலித் தோட்டா ஒன்றை, எந்த அறையில் என்று சொல்லாமல் நண்பரைப் போடச் சொல்லுங்கள். அந்த அறை வரும்போது 'கிளிக்' என்ற சத்தத்தோடு குழல்முனை தலைகுனிந்தால் கை மிரண்டிருக்கிறது. அன்றைக்கு மேக்னம் தோட்டாக்களை மூடிவைத்துவிட்டு, 357 வைத்திருப்பவர் 38 ஸ்பெஷலுக்கும், 44 மேக்னம் வைத்திருப்பவர் அதைவிடக் குட்டையான 44 ஸ்பெஷலுக்கும் இறங்குங்கள். அதே ரிவால்வரில் பாதுகாப்பாகச் சுடலாம். ஆனால் குட்டைக் கூடு அறைக்குள் ஒரு கரி வளையத்தை விட்டுவைக்கும். அதைத் தூரிகையால் நன்றாகத் தேய்த்து எடுத்த பிறகே மறுபடி மேக்னம் போட வேண்டும்.

அப்படியானால் நான் எதை வாங்குகிறேன்? கனமான எஃகு 357-க்கு 158 கிரெய்ன், 44-க்கு 240 கிரெய்ன், இரண்டும் செப்பு உறையிட்டவை, சாமி வரம்புக்குள் நிற்பவை. முதலில் ஒரே பெட்டி. சுட்ட கூடுகளை எடுத்துப் பார்ப்பேன். விரலால் தள்ளியதும் அறையிலிருந்து வழுக்கி வந்தால் நல்லது. தட்டித் தட்டி எடுக்க வேண்டியிருந்தால், அறையைச் சுத்தம் செய்து பார்ப்பேன். அதன்பிறகும் ஒட்டினால் அந்தப் பெட்டியை அத்துடன் நிறுத்திவிடுவேன். எல்லாம் சரியாக இருந்தால், பெட்டியின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண் உள்ள இன்னும் நான்கு பெட்டிகள் கேட்பேன்.

நன்றி, வணக்கம்.