இரண்டு ஆலோசகர்கள், நான்கு நாற்காலிகள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் கணவன் மனைவி சண்டை முற்றினால் பெரியம்மா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். கவுன்சலிங்கிலும் இருவர் சேர்ந்து நடத்தும் முறை உண்டு. பெரியம்மாவும் மாமாவும் ஆளுக்கொரு கட்சி. இங்கே கட்சி பிரிந்தால் காரியம் கெட்டது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற பாலியல் ஆய்வாளர்கள் இருவரும் 1970-இல் வெளியிட்ட நூலில் தாம்பத்தியச் சிகிச்சைக்கு ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்றே வைத்தார்கள்.

உங்கள் சாப்பாட்டு மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். மேசையை எடுத்துவிட்டு நான்கு நாற்காலி மட்டும். ஆலோசகர்கள் அருகருகே உட்கார்ந்தால் வேலைக்கு நேர்காணல் மாதிரி ஆகிவிடும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும்படி எதிரெதிரே இருக்க வேண்டும். ஒருவர் பேச்சை நடத்துவார், மற்றவர் கவனிப்பார். மனைவி 'உங்க அம்மா' என்றதும் கணவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாரே, அதை.

பிறகு தம்பதி காதுபட இவர்கள் தங்களுக்குள் பேசுவார்கள். "நான் அவசரப்பட்டுட்டேனோ?" "ஆமா, அவர் இன்னும் சொல்லி முடிக்கல." குரல் உயராமல் இருவர் மாறுபடுவதைச் சில தம்பதிகள் வீட்டில் பார்த்ததே இல்லை.

அடுத்தது வாட்ஸ்அப். இரவு பதினொரு மணிக்குப் பெண் ஆலோசகருக்கு மட்டும் மனைவியிடமிருந்து ஒரு செய்தி வரும்: "மேடம், சார்கிட்ட சொல்லிடாதீங்க." ஒருவருக்குத் தெரிந்தது இருவருக்கும் தெரியும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் அடுத்த வாரம் அந்த ஆலோசகர் மனைவிக்கு வக்கீலாகிவிடுவார். கணவருக்கு அது ஐந்தே நிமிடத்தில் மூக்கில் வியர்க்கும். முதல் நாளே, மறக்காதீர்கள்.

இதையெல்லாம் பிடித்து நிறுத்துவது, தம்பதி போன பிறகு ஆலோசகர்கள் தனியாக உட்காரும் கால் மணி நேரம். என் மனம் யார் பக்கம் சாய்ந்தது? நீங்கள் எங்கே என் பேச்சை வெட்டினீர்கள்? அடுத்த முறை யார் தொடங்குவது? ஆனால் கோலாலம்பூர் ஃபெடரல் ஹைவேயில் ஜாம் என்று முதலில் வெட்டப்படுவதும் இந்தக் கால் மணி நேரம்தான். மூத்தவர் இளையவரை இரண்டு தடவை இடைமறித்திருப்பார். அந்தக் கடுப்பைப் பேசாமல் விட்டால், அடுத்த வாரம் இளையவர், தம்பதியில் வாயடைத்துக் கிடப்பவர் பக்கம் தன்னையறியாமல் சாய்வார். தம்பதியின் சண்டைக்குள் ஆலோசகர்களின் சண்டை புகுந்துவிடும். அப்புறம் யார் வழக்கு ஓடுகிறது என்றே தெரியாது.

கடிகாரம் முறைக்கிறது, ஆகவே சுருக்கமாக. இருவர் என்றால் பெரும்பாலும் கட்டணமும் கூடும், முன்பே கேளுங்கள். அடி உதை இருக்கும் வீடு என்றால் சேர்ந்து உட்காரக் கூடாது, முதலில் தனித்தனியே. மலேசியாவின் 1998 கவுன்சலர் சட்டப்படி பதிவும் தொழில் சான்றும் இருவருக்குமே உண்டா என்று பாருங்கள். வணக்கம்.